அறுபது எல்லோருக்கும் ஒரே வயதா?

ஆந்திர, தமிழ்நாட்டு முதல்வர்கள் 2024 அக்டோபரில் கூடுதலாகப் பிள்ளை பெற்றுக்கொள்வதைப் பற்றிப் பேசியதிலிருந்து, தென்மாநிலங்களில் பிறப்பு விகிதம் சரிந்துவருவது குறித்த விவாதம் சூடுபிடித்தது. 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பும், அதைத் தொடரக்கூடிய தொகுதி மறுவரையறையும் அந்த விவாதத்தை மக்களவை இடங்களின் எண்ணிக்கையோடு பிணைத்துவிட்டன. இனிப் பிறக்க வேண்டியவர்களைப் பற்றிய இந்தப் பேச்சின் நடுவே, ஏற்கெனவே பிறந்து, உழைத்து, மூப்பை நெருங்கிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கானோரின் நிலை பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு. மத்திய அரசு அமைத்த மக்கள்தொகைக் கணிப்புக் குழுவின் மதிப்பீட்டின்படி அது 2021-இல் 13.6 விழுக்காடாகவும், 2031-இல் 18.2 விழுக்காடாகவும் இருக்கும். பெரிய மாநிலங்களில் கேரளம் மட்டுமே இதற்கு முன்னால் நிற்கிறது. பிரான்ஸில் 65 வயதைக் கடந்தோரின் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடாக உயர ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று என்பதால், ஓய்வூதியம், மருத்துவம், பராமரிப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கட்டியெழுப்ப அந்நாட்டுக்கு அவகாசம் கிடைத்தது. தமிழ்நாட்டுக்குக் கிடைத்திருப்பதோ இரண்டு பத்தாண்டுகள்தாம், அவற்றிலும் பெரும்பகுதி கழிந்துவிட்டது.

இந்த எண்களைக் கொண்டு திட்டமிடும்போது அறுபது என்ற கோடு எல்லோர் வாழ்விலும் ஒரே இடத்தில் விழுவதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆனால், மின்விசிறியின் கீழ் அமர்ந்து கோப்பு பார்த்தவரின் அறுபதும், உப்பளத்தில் வெறுங்காலுடன் நின்றவரின் அறுபதும் ஒன்றல்ல. தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 58-லிருந்து 2020-இல் 59-ஆகவும், 2021-இல் 60-ஆகவும் உயர்த்தியது. 58 வயதில் ஒருவரால் தொடர்ந்து பணியாற்ற முடியும் என்பது அதற்குள் அடங்கியிருந்த ஏற்பு. 50 வயதிலேயே உடல் ஓய்ந்துவிடும் தொழில்கள் உண்டு என்ற எதிர்த்திசை உண்மையை அதே போல ஏற்றுக்கொள்ள அரசு இயந்திரம் இன்னும் முன்வரவில்லை.

உழைப்பு எழுதும் வயது

தூத்துக்குடி உப்பளங்களில் வெயிலுக்கு அஞ்சி விடியும் முன்பே வேலை தொடங்குகிறது. உப்புநீரில் நெடுநேரம் நிற்பதால் பாதங்களில் வெடிப்பும் புண்ணும் ஆறாமல் நீள்கின்றன. வெண்மையான பாத்திகளில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கூசச்செய்து ஆண்டுக்கணக்கில் பார்வையைத் தேய்க்கிறது. மழைக்காலத்தில் வேலையே இல்லாமல் போவதற்காக 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் அரசின் திட்டம் வரவேற்கத்தக்கது; என்றாலும், அந்தத் தொழிலாளரின் உடல் மற்றவர்களைவிடப் பல ஆண்டுகள் முன்னதாகவே மூப்படைவதற்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லை.

கட்டடத் தொழிலில் வயது ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு விதமாக வருகிறது. எடுபிடியாகச் சேரும் இளைஞர் சில ஆண்டுகளில் கரண்டி பிடிக்கக் கற்றுக் கொத்தனாராகிறார், பிறகு ஆள் வைத்து வேலை வாங்கும் மேஸ்திரியாகிறார். உடல் வலு குறையக் குறையத் திறமை அதை ஈடுகட்டுகிறது. சித்தாளாகச் சேரும் பெண்ணுக்கோ பெரும்பாலும் அந்தப் படிக்கட்டே இல்லை. 20 வயதில் மணலும் கலவையும் சுமந்தவர் 50 வயதிலும் அதையே சுமக்கிறார். முழங்காலும் இடுப்பும் மறுக்கத் தொடங்கியதும் தொழிலிலிருந்தே வெளியேறுகிறார். காலையில் ஆள் எடுக்கும் சந்திப்புகளில் நரைத்த தலைக்கு அழைப்பு கடைசியாகத்தான் வரும். இதற்கிடையே, கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தின் ஓய்வூதியம் 60 வயது நிறைந்த பின்பே தொடங்குகிறது. வேலை நின்றுபோன நாளுக்கும் ஓய்வூதியம் தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட அந்த ஆண்டுகள் யாருடைய கணக்கிலும் சேராதவை.

மலைத்தோட்டங்களில் வயது வீட்டையும் சேர்த்துப் பறிக்கிறது. வால்பாறையிலும் நீலகிரியிலும் தேயிலைத் தொழிலாளர் வசிக்கும் லயன் வீடுகள் வேலையோடு ஒட்டியவை என்பதால், ஓய்வுபெறுபவர் பிறந்து வளர்ந்த வீட்டையே காலி செய்ய நேரிடுகிறது. அதைத் தவிர்ப்பதற்காகவே பிள்ளைகளில் ஒருவரைப் படிப்பை விட்டுத் தோட்ட வேலைக்கு அனுப்பிய குடும்பங்கள் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் மாஞ்சோலையில் 2024-இல் தோட்டத்தை மூடுவதற்காகத் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு வழங்கப்பட்டபோது, பல தலைமுறைகளாக மலையிலேயே வாழ்ந்தவர்கள், சமவெளியில் வேறு தொழில் கற்கும் வயதைக் கடந்த நிலையில், எங்கே போவது என்ற கேள்வியோடு நீதிமன்றத்தை நாடினர். வேலை, வீடு, வயது ஆகிய மூன்றும் ஒரே முடிச்சாக இருப்பதை அந்த நிகழ்வு நாடறியக் காட்டியது.

நூறு நாள் வேலை என்று மக்கள் அழைத்த 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் மேல் வயது வரம்பு எதையும் வைக்கவில்லை. அந்தப் பணித்தலங்களில் மூதாட்டிகள் மிகுதியாக இருந்ததைச் சோம்பேறித்தனத்துக்குச் சான்றாகக் கேலி பேசியோர் உண்டு. வயதான உடலைத் திருப்பி அனுப்பாத ஒரே வேலையிடமாக ஊரில் அது மட்டுமே இருந்தது என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை. நடப்பில் அது ஓய்வூதியம் இல்லாத மாந்தரின் ஓய்வூதியமாகவே இயங்கியது. நடவுக்கும் களையெடுப்புக்கும் இனி அழைக்கப்படாத பெண்ணுக்கு, தன் கையால் ஈட்டிய காசு என்ற மதிப்பையும் அது தந்தது.

நாற்பதிலேயே தொடங்குகிறது

மூப்பு அறுபதில் தொடங்குவதாகக் கொள்வதால் நேரும் பெரிய இழப்பு, நாற்பதுகளில் எளிதில் தடுக்கக்கூடியவை தவறவிடப்படுவதுதான். வெள்ளெழுத்து இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கண்ணுக்குள் இருக்கும் வில்லை நெகிழ்வை இழப்பதால் அருகில் உள்ளவை மங்கலாகத் தெரியும் இந்த மாற்றம் ஏறத்தாழ எல்லோருக்கும் நாற்பதையொட்டி வருகிறது. அலுவலகத்தில் இருப்பவர் ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார். காஞ்சிபுரத்துக் குழித்தறியில் மெல்லிய பட்டிழையை முடிபோடும் நெசவாளரோ, கூடைக்குள் விழும் கொழுந்தின் தரத்தைக் கணத்தில் பார்த்தறிய வேண்டிய தேயிலைத் தொழிலாளரோ, ‘கண்ணு முன்ன மாதிரி இல்லை’ என்று சொல்லிக்கொண்டே வேகத்தையும் கூலியையும் இழக்கிறார்.

அசாமில் 40 வயதைக் கடந்த தேயிலைப் பறிப்போரிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, அருகில் உள்ளவற்றைப் பார்ப்பதற்கான கண்ணாடி பெற்றவர்களின் பறிப்பு, பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்ததைக் காட்டியது. விலை மலிவான ஒரு பொருள் ஒரு தொழிலாளரின் உழைக்கும் ஆண்டுகளை நீட்டிக்கிறது என்றால், அதை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்காமல் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

கண் மருத்துவத்தில் உலகுக்கே வழிகாட்டிய ஊர் மதுரை என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற பிறகே, 1976-இல், 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளமையில் வந்த மூட்டுவாதம் அவருடைய விரல்களை முடக்கியிருந்தது. கல்வியும் தொழிலறிவும் ஓய்வூதியமும் கூட நின்றால் அறுபதை ஒட்டிய வயது ஒரு தொடக்கமாகவும் அமையும். அந்த வாய்ப்பு எத்தனை பேருக்கு எட்டியிருக்கிறது என்பதே கேள்வி.

இதயநோயிலும் இதே முன்கூட்டிய வருகை தெரிகிறது. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004-இல் வெளிவந்த பெரும் ஆய்வு, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53 என்றும், மற்றப் பகுதிகளில் அது ஏறத்தாழ 59 என்றும் கண்டது. 53 என்பது பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் மகளின் திருமணமும் மகனின் கல்லூரிக் கட்டணமும் வீட்டுக்கடனும் ஒன்றாக நிற்கும் வயது என்பதால், அந்த நோய் ஒருவரை மட்டும் படுக்கவைப்பதில்லை.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் இருக்கிறது. முதியோர் மருத்துவத்துக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே மருத்துவர் வி.எஸ். நடராஜனின் முயற்சியால் தொடங்கப்பட்டது. கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மையம் 2024-இல் திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை என்ற அந்த ஒரு மாற்றம் பலரது சிகிச்சையை இடையறாமல் காத்திருக்கிறது.

எனினும் செவிக்கும் மறதிக்கும் அங்கே இன்னும் உரிய இடமில்லை. லான்செட் இதழின் வல்லுநர் குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கை, மறதிநோயைத் தூண்டும் மாற்றத்தக்க காரணிகளாகப் பதினான்கைக் குறிப்பிட்டு, கவனிக்கப்படாத செவித்திறன் இழப்பையும் பார்வை இழப்பையும் அவற்றுள் சேர்த்தது. இவை அனைத்தும் சரிசெய்யப்பட்டால் உலகின் மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றும் கூறியது. விசைத்தறிகளின் இரைச்சலில் பல்லாண்டு நின்ற பள்ளிபாளையத்துத் தொழிலாளருக்குக் காது மந்தமாவதும், பிறகு பேச்சுத் துணை குறைந்து அவர் ஒதுங்கிப்போவதும் ‘வயசானா அப்படித்தான்’ என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகின்றன.

வீட்டுக்குள் பெண்ணின் கணக்கு

குடும்பத்தில் வயது கொண்டுவரும் சுமை பெண்ணின் தலையில்தான் அதிகம் இறங்குகிறது. மகளோ மருமகளோ வேலைக்குப் போகும்போது பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் பாட்டி. அதே பாட்டி படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டு நிற்பவரும் அந்த மகளோ மருமகளோதான். 45-லிருந்து 60 வயது வரை உள்ள பெண்கள் ஒருபுறம் பெற்றோருக்கும் மாமியார் மாமனாருக்கும், மறுபுறம் பிள்ளைகளுக்கும், சில வீடுகளில் பேரக்குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் கடமைப்பட்டிருக்கிறார்கள். கூலியில்லாத இந்த உழைப்பின் விலையாக அவர்கள் இழப்பது அன்றாட வருமானத்தை மட்டுமன்று. பணிக்காலம் குறைவதால் தம் முதுமைக்கான வைப்பு நிதியையும் ஓய்வூதியத்தையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

கூட்டுக்குடும்பம் சிதைந்ததால்தான் முதியோர் தவிக்கிறார்கள் என்று வருந்துவது பலருக்கு எளிதாக இருக்கிறது. கூட்டுக்குடும்பம் பெரும்பாலும் மருமகளின் கேள்வி கேட்காத உழைப்பின் மீது நின்றது என்பதை மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் போற்ற முடியாது. தமிழகச் சிற்றூர்களில் மகனின் வீட்டை ஒட்டியே குடிசை போட்டுத் தனி உலை வைத்துப் பொங்கித் தின்னும் மூதாட்டிகள் நெடுங்காலமாகவே உண்டு; அவர்களில் பலர் ஒருவர் கையை எதிர்பார்க்காமல் இருப்பதையே பெருமையாகக் கருதுபவர்கள். அந்தத் தற்சார்பைக் குலைக்காமல், விழுந்தால் தூக்கவும் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொடுக்கவும் ஊரில் ஏற்பாடு இருக்கிறதா என்பதுதான் கவலைப்பட வேண்டிய செய்தி. பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் சென்றுவிட்ட ஊர்களில் அந்த ஏற்பாடு அக்கம்பக்கத்தாரின் இரக்கத்தையே நம்பியிருக்கிறது.

ஆயிரத்து இருநூறு ரூபாய்

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-லேயே தொடங்கப்பட்டது என்பது இம்மாநிலம் பெருமைப்படத்தக்க வரலாறு. ஆனால் 2011-இல் 1,000 ரூபாயான அத்தொகை, 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர 12 ஆண்டுகள் ஆயின. அரிசி தவிர்த்த பருப்பு, எண்ணெய், மருந்து, பேருந்துக் கட்டணம் என எதுவும் அத்தனை காலம் காத்திருக்கவில்லை. இதில் மத்திய அரசின் பங்கு இன்னும் வருத்தத்துக்குரியது. 60 முதல் 79 வயது வரை உள்ளோருக்கு அது தரும் மாதம் 200 ரூபாய் 2007-லிருந்தும், 80 வயதைக் கடந்தோருக்குத் தரும் 500 ரூபாய் 2011-லிருந்தும் மாறவே இல்லை.

தொகை குறைவு என்பதோடு, இத்திட்டம் ஆதரவற்றோருக்கானது என்ற வரையறையும் சிக்கலாகிறது. வளர்ந்த மகன் இருக்கிறான் என்பதே தகுதிக்கு இடையூறாகும்போது, மகன் பணம் அனுப்புகிறானா என்பதைக் கேட்பார் இல்லை. பெற்றோர் தம் பிள்ளையைப் பற்றிக் குறைசொல்லி எழுதிக்கொடுத்தால்தான் உதவி கிடைக்கும் என்ற நிலை அவர்களைக் கூசவைக்கிறது. விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவோர் பலர்.

செய்யக்கூடியவை

முதலாவதாக, உதவித்தொகைக்கான வயதைத் தொழிலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உப்பளம், செங்கல் சூளை, கட்டட வேலை, தோட்டத்தொழில், விவசாயக் கூலி ஆகியவற்றில் நலவாரியப் பதிவுடன் குறிப்பிட்ட ஆண்டுகள் உழைத்தோருக்கு 55 வயதிலேயே ஓய்வூதியம் தொடங்கலாம். அறுபதைத் தளர்த்தினால் ஒழுங்கு குலையும் என்று அஞ்சத் தேவையில்லை. திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு 50 வயதிலிருந்தே உதவித்தொகை வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. வாழ்நிலையைப் பொறுத்து வயதுக்கோட்டை நகர்த்தலாம் என்பதை அரசே அங்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. தொகையும் தேர்தல் அறிவிப்புக்குக் காத்திராமல், அரசு ஊழியரின் அகவிலைப்படியைப் போல விலைவாசிக் குறியீட்டோடு இணைந்து தானாக உயர வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவத்தின் பணியாளர்கள் வீடு தேடி வரும்போதே 40 வயதைக் கடந்த அனைவருக்கும் அருகில் உள்ளவற்றைப் பார்க்கும் திறனையும் செவியையும் சோதித்து, தயார்நிலைக் கண்ணாடியை அங்கேயே வழங்குவது பெரும் செலவில்லாத விரிவாக்கம். தறிக்கூடங்கள், தோட்டங்கள், பின்னலாடை ஆலைகள் ஆகிய வேலையிடங்களுக்கும் அது செல்ல வேண்டும். கட்டடத் தொழிலில் பெண்களுக்குக் கொத்து வேலை, ஓடு பதித்தல், வண்ணம் பூசுதல் ஆகியவற்றில் நலவாரியமே கூலி இழப்பு ஈட்டுடன் பயிற்சி அளித்தால், முழங்கால் ஓயும் முன்பே அவர்கள் தலைச்சுமையிலிருந்து விடுபட முடியும்.

பராமரிப்பை வீட்டுப் பெண்ணின் கடமை என்று விட்டுவிடாமல் பொதுப்பணியாக ஏற்றுக்கொள்ள வேண்டும். ஜப்பான் 2000-இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கி, 40 வயதைக் கடந்த அனைவரிடமும் சிறு பங்களிப்பைப் பெற்று, மீதியைப் பொதுவருவாயிலிருந்து ஈடுசெய்கிறது. அந்த அளவுக்கு நிதிவளம் இல்லாவிட்டாலும், பகல்நேரத்தில் முதியோர் வந்து தங்கி உணவும் உறவும் பெற்று மாலையில் வீடு திரும்பும் மையங்களை மாநகரங்களோடு நிறுத்தாமல் ஊராட்சிகள் வரை கொண்டுசெல்லலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்தோருக்குப் பயிற்சியும் முறையான ஊதியமும் அளித்து அவற்றை நடத்தச் செய்யலாம். முதியோருக்கு ரேஷன் பொருட்களை வீட்டுக்கே கொண்டுசெல்லும் தாயுமானவர் திட்டத்தின் வண்டி எந்தெந்த வாசலில் நிற்கிறது என்ற பட்டியலே, தனித்து வாழும் முதியோரைக் கண்டறிந்து மாதம் ஒரு முறையாவது நலம் விசாரிக்கப் போதுமான தொடக்கமாகும்.

பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தின் வழியே 90 நாட்களுக்குள் தீர்வு தர வகைசெய்கிறது. ஆனால் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் ஆணையிட முடியாது என்ற அன்றைய உச்சவரம்பு இன்றும் நீடிக்கிறது. அதை நீக்குவதற்காக 2019-இல் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா சட்டமாகவில்லை. அதை மீண்டும் கொண்டுவர வேண்டும். 14567 என்ற முதியோர் உதவி எண் ஒவ்வொரு ரேஷன் கடையிலும் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்திலும் பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டும்.

அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற வழிசெய்கிறது. நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியது. 2025 ஜனவரியில் வந்த மற்றொரு தீர்ப்பு, சட்டத்தின் நோக்கத்தைக் கருதி அதைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும், சொத்தின் சுவாதீனத்தைத் திருப்பித்தரத் தீர்ப்பாயம் ஆணையிடலாம் என்றும் தெளிவுபடுத்தியது. இருந்தும், வழக்குக்குப் போகும் நிலை வராமல் இருப்பதே முதியவருக்கு நல்லது. ஆகவே, 60 வயதைக் கடந்த ஒருவர் பிள்ளைகள் பெயருக்குச் செட்டில்மென்ட் பத்திரம் பதிய வரும்போது, பராமரிப்பு நிபந்தனையும் ஆயுட்காலம் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும் அச்சிட்ட பகுதியாகவே பத்திரத்தில் இடம்பெற வேண்டும். அவற்றைச் சார்பதிவாளர் பிள்ளைகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பெற்றோருக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டி, வேண்டாம் என்று அவர்களே எழுதிக்கொடுத்தால் மட்டுமே நீக்க வேண்டும்.